மகளை எடுத்தாயிற்று

என் மகள் கபுறுக் குழி தோண்டப் படிக்கிறாள் என்று தெரிய வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சகோதரிகளே, அங்கிருந்து தொடங்கினால்தான் அல்லாஹ் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்கும்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து மூன்றாம் வருடம். என் மூத்தவள் ஹஸீனா மலைநாட்டில் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் இருந்து அப்படிப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அவள் போனதில் எனக்கு இருந்த பெருமையை நான் மறைத்ததில்லை. அது மறைக்க வேண்டிய பெருமையும் அல்ல. என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்குப் பண்டைய வரலாறு என்றாள். ராஜாக்களின் கதையாக்கும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. தொல்லியலும் படிக்கிறாளாம். லீவுக்கு வர மாட்டாளாம். வவுனியாப் பக்கம் ஒரு குளத்தடியில் கூடாரம் போட்டு இருக்கிறார்களாம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்களைப் புதைத்த இடமாம். பெரிய தாழிகளுக்குள் எலும்பு இருக்கிறதாம். குழிக்குள் இறங்கித் துப்புரவு செய்வது அவள்தானாம்.

நாங்கள் அடக்கம் செய்கிற மையவாடிப் பக்கமே போகாத பெண்கள். என் பிள்ளை கபுறுக் குழிக்குள் இறங்கி எலும்புக்குத் தூசி தட்டுகிறாள். கடிதத்தை வாசித்துக் காட்டிய பக்கத்து வீட்டு ஸுபைதா சும்மா இருக்கவில்லை.

"நம்முட பள்ளிவாசல்ல குழி வெட்டுற ஆள் கிழவனாப் போனாருகா. ஒங்கட மகள் வந்தா நல்லந்தான்."

அன்றைக்குப் பிடித்தது கோபம். விடியற்காலைச் சுபஹு தொழுது முடிந்ததும் கையேந்தி ஒரே துஆதான். "யா அல்லாஹ், அந்தக் குழியில் இருந்து என் பிள்ளையை எடுத்துத் தா." நாள் தவறாமல் கேட்டேன். அவளுக்கு எது நல்லதோ அதைக் கேட்கவில்லை. ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

நோன்புக்கு முந்திய மாதம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் தந்தி வந்தது. என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், வாங்கி வாசித்தார்.

"மண் சரிந்தது. மகளை எடுத்தாயிற்று. உடன் வரவும்."

எங்கள் ஊரில் ஓர் ஆளை எடுத்தாயிற்று என்றால் அதற்கு ஒன்றுதான் பொருள். மையித்தை எடுத்துக்கொண்டு போய் அடக்கிவிட்டார்கள் என்று பொருள். காக்கா தந்தியை மடித்தார். "இன்னா லில்லாஹி" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. என் துஆதான் என் காதில் கேட்டது. எடுத்துத் தா என்று கேட்டேன். எடுத்துவிட்டான். நான் கேட்ட அதே சொல்லால் பதில் வந்திருக்கிறது. என் வாயாலேயே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இன்னொரு பயம் பிடித்தது. அங்கே நம் ஆட்கள் யாரும் இல்லை. அவளைக் குளிப்பாட்டியது யார்? கபன் துணி போட்டது யார்? காக்கா புறப்பட்டார். நானும் முக்காட்டைப் போட்டேன்.

"நீ எங்க வாற? பொம்புளைகள் மையவாடிக்குப் போறல்ல."

"நான் மையவாடிக்கு வரல்ல காக்கா. என்ட புள்ளைய ஆரு குளிப்பாட்டின எண்டு கேக்க வாறன்."

அவர் என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

பஸ் மாறி மாறிப் போனோம். அடக்கிய பிள்ளையைத் திருப்பித் தா என்று கேட்க முடியுமா? ஆனாலும் கேட்டேன். "யா அல்லாஹ், நான் கேட்டது பிழை. அவள் நீ நம்பித் தந்த அமானிதம். உயிரோடு ஒரு தரம் காட்டு. அவளுடைய படிப்பில் இனி நான் கை வைக்க மாட்டேன்." புத்தி உள்ளவர் கேட்கும் துஆ இல்லை அது. வழி முழுக்க அதையே கேட்டேன்.

மறுநாள் கூடாரத்தடியில் போய் இறங்கினோம். அவளுக்குப் படிப்பிக்கும் சேர், யாழ்ப்பாணத்து மனிதர், சிரித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்கோ அம்மா. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ."

பிள்ளையை அடக்கிய இடத்தில் இந்த மனிதன் சிரிக்கிறாரே என்று நான் உட்காராமலே கேட்டேன்.

"என்ட புள்ளைய ஆரு குளிப்பாட்டின?"

அவர் விழித்தார். "நேர்ஸ்மார்தான் அம்மா. தலை எல்லாம் மண். இன்னும் போகேல்லை எண்டு அவ சொல்லிக்கொண்டிருக்கிறா."

"ஆரு சொல்லிக்கொண்டிரிக்கா?"

"உங்கட மகள்தான். கால்தான் முறிஞ்சது. ஆஸ்பத்திரியில சாப்பிடத் தந்த பாண் காய்ஞ்சு போச்செண்டு நேற்று ஒரே சண்டை."

காக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் பிறகுதான் வந்தது. முதலில், அவர் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

சேர் நடந்ததைச் சொன்னார். குழியின் ஒரு பக்கம் இடிந்து விழுந்து அவளைத் தலையோடு மூடியிருக்கிறது. மண்வெட்டி போட்டால் வெட்டிவிடும் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கையாலும் சின்னக் கரண்டியாலும் அள்ளியிருக்கிறார்கள். எலும்புக்கு நோகாமல் மண் அகற்றப் பழகிய கைகள் அவை. மூச்சோடு எடுத்துவிட்டார்கள். அந்த ஆறுதலில்தான் அவர் எடுத்தாயிற்று என்று தந்தி அடித்திருக்கிறார்.

நான் கோபத்தில் கேட்டதை அவன் ரஹ்மத்தாக, அருளாகத் தந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"போதும் மகள். கால் சுகமான கையோட ஊருக்குப் போவம். இந்தப் படிப்பு நமக்கு வாணாம்."

ஹஸீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போக எனக்கும் ஆசைதான். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே.

"இல்ல காக்கா. பஸ்ஸுக்குள்ள வெச்சு நான் அல்லாஹ்ட்ட வாக்குக் குடுத்திட்டன். புள்ள படிக்கட்டும்."

அவள் திரும்பினாள். "மறுகாவும் குழிக்குள்ள எறங்கினா ஏசுவீங்களா உம்மா?"

"அல்லாஹ்ட பேரால பிஸ்மி செல்லி எறங்கு."

கால் சரிவந்ததும் இறங்கத்தான் செய்தாள். படித்து முடித்துப் பட்டமும் எடுத்தாள். நான் அன்று முதல் அல்லாஹ்விடம் இதைச் செய், அதைச் செய் என்று ஏவுவதில்லை. நல்லதைத் தா, எது நல்லது என்று உனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பிழையாகக் கேட்டுவிட்டேனே என்று பயந்து மட்டும் ஏந்திய கையை இறக்கிவிடாதீர்கள். கோணலாகக் கேட்ட எனக்கே அவன் நேராகத் தந்தான்.