சகலை வண்டியின் அசையாத ஊசி

காலை ஆறரை மணிக்குக் குன்னூரிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. முன்னால் போனது என்னுடையது. வயது பதினான்கு, பெட்ரோல், நீலகிரிப் பதிவு. பின்னால் வந்தது என் சகலை பழனிச்சாமியுடையது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது, கியர் போடும் வேலைகூட இல்லாத புது வெள்ளை வண்டி. அவரும் என் மைத்துனி மல்லிகாவும் முந்தின நாளே கோவையிலிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலையேறி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். போகுமிடம் கூடலூரைத் தாண்டித் தேவர்சோலை. அங்கே என் மனைவி சரோஜாவின் சித்தப்பா மகன் புது வீடு கட்டியிருந்தான். பத்தரைக்கு முகூர்த்தம். தூரம் ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர்.

புறப்படுமுன் ஆயில், கூலன்ட், டயர் காற்று, பிரேக் எண்ணெய் எல்லாம் பார்த்தேன். சகலை மூன்றாவது காபி குடித்தார். தம் வண்டியின் பானெட்டை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதே என்ற வருத்தமும் கிடையாது.

ஊட்டி வரை ஏற்றம். எஞ்சின் சூட்டைக் காட்டும் என் ஊசி நடுக்கோட்டில் ஒழுங்காக நின்றது. ஊட்டியைக் கடந்து பைக்காராவுக்கு அப்பால் சாலை இறங்கத் தொடங்கியதும் ஊசியும் கூடவே இறங்கியது. நடுவட்டத்துக்கு முன்னால் கால் பங்குக்கு வந்துவிட்டது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஓரம் கட்டினேன்.

"கீழதானுங்க போகுது? சூடாகலைன்னா நல்லதுதானே?" என்றாள் சரோஜா.

இது பலரும் செய்கிற தவறு என்பதால் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குச் சூடு பகையன்று. அதைச் சுற்றி ஓடும் குளிர்திரவமான கூலன்ட் எண்பத்தைந்திலிருந்து நூறு டிகிரிக்குள் இருந்தால்தான் அது ஆரோக்கியமாக ஓடும். மூடிய அமைப்பில் அழுத்தம் இருப்பதால் நூறைத் தொட்டாலும் கொதிக்காது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். அதைவிட முக்கியம், அளவு காட்டும் சென்சாரே பழுதென்றால் நாளைக்கு உண்மையில் கொதிக்கும்போது அது நமக்குச் சொல்லாது. இவ்வளவையும் சாலையோரத்தில் நின்று சரோஜாவுக்கு விளக்கினேன். சிறிது தூரம் போய் மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது முறை நடுவட்டம் கடைகளருகே நிறுத்தியபோது சகலை தம் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க சகலை, என்ன சொல்லுதுங்க வண்டி?"

"உங்க ஊசி எங்கே நிக்குது?"

குனிந்து பார்த்தார். அப்படியொன்று அங்கே இருப்பதை அன்றுதான் கண்டார் என்று நினைக்கிறேன். "நட்ட நடுவுலீங்க. வாங்குன நாள்லருந்து அங்கயேதான் நிக்குதாட்ட இருக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். அதே மலை, அதே இறக்கம், கோயில் கொடிமரம் போல நின்றது. ஒருநாளும் பானெட் திறக்காத மனிதருக்கு அப்படி ஓர் ஊசி. என் வயிற்றில் எரிந்ததை எந்தக் கருவியாலும் அளந்திருக்க முடியாது.

"அக்கா, மணியாகுது. மாமா மெதுவா வரட்டும், நீ இங்க வந்துரு" என்றாள் மல்லிகா.

சரோஜா என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "முகூர்த்தத்துக்கு நான் இல்லாமப் போனா சித்தி ஏதாவது சொல்லுமுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் வண்டியைவிட்டு வேறொரு வண்டிக்கு மாறியதில்லை. ஸ்கூட்டர் காலத்தில் இரண்டு முறை கீழே விழுந்தும் மாறியதில்லை. இப்போது வெள்ளை வண்டியின் பின்சீட்டில் அக்காளும் தங்கையும் எதற்கோ சிரித்தபடி என்னைக் கடந்து போனார்கள்.

திரும்பும்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வரவேண்டும். நடுவட்டத்திலிருந்து கூடலூர்வரை தேயிலைச் சரிவுகள் அழகாகத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

தேவர்சோலையில் முகூர்த்தம் முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். வண்டியை வாசல் நிழலில் நிறுத்தினேன். கூடலூருக்கு மறுபடி போய்ச் சென்சார் வாங்க வேண்டும், என் எஞ்சினும் ஆற வேண்டும். "நம்ம வண்டில போலாமுங்க" என்றார் சகலை, கையில் பாயசத்தோடு. எனக்கு எரிச்சல் மூட்டவென்றே பிறந்த நல்ல மனிதர்.

போகும்போது என் பையிலிருந்த ஸ்கேனரை அவர் வண்டியில் சொருகினேன். எஞ்சின் சென்சார் சொல்லும் எண்ணை அப்படியே கைபேசியில் காட்டும் சின்னக் கருவி அது; என் வண்டியில் அந்தச் சென்சாரையே சந்தேகப்பட்டதால் சொருகிப் பார்க்கவில்லை. எண்பத்து நான்கு. ஒரு மேட்டில் தொண்ணூற்றெட்டு. கூடலூர் நெரிசலில் நூற்றிரண்டு. ஊசி மட்டும் அசையவேயில்லை! புது வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையே என்ன நடந்தாலும் ஊசியை நடுவிலேயே வைக்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்று.

"பாத்தீங்களா சகலை? உங்க ஊசி பொய் சொல்லுது."

"அப்படீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "நம்மளப் பயமுறுத்த வேண்டாம்னு நெனைக்குதாட்ட இருக்குதுங்க. நல்ல ஊசிதானுங்க!"

உதிரிபாகக் கடைக்காரர் மலையாளம் கலந்த கூடலூர்த் தமிழில் கைவிரித்தார். "கம்பெனி பீஸ் வேணும்னா ரெண்டு நாள் ஆகும் சாரே. இந்த லோக்கல் பீஸ் மதி, இதுவே போதும், கேரண்டி உண்டு." அறுநூற்று நாற்பது ரூபாய். கூலன்ட் ஒரு லிட்டர் தனி.

திரும்பி வந்து வேலையைத் தொடங்கினேன். ரேடியேட்டரைக் கையால் தொட்டு, ஆறியிருப்பதை உறுதி செய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றினேன். சென்சாரின் கிளிப்பை அழுத்தி ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பேனரால் தளர்த்தி, பழையதை எடுத்த கையோடு புதியதை நுழைத்தேன். சிந்தியது அரை டம்ளர் கூலன்ட். ரப்பர் வளையம் புதிது, இறுக்கம் அளவானது. குறைந்ததை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன். ஊசி மெல்ல ஏறி நடுவில் நின்றது. மஞ்சள் விளக்கை ஸ்கேனரால் அணைத்தேன்.

"சரோஜா, வந்து பாரு."

கையில் வெற்றிலையோடு வந்து பார்த்தாள். "நிக்குதுங்க" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பந்தி எப்போதோ முடிந்திருந்தது.

மூன்றரைக்குக் கிளம்பியபோது மல்லிகா பின்கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டாள். சரோஜா என் வண்டியில் ஏறினாள். கூடலூரிலிருந்து ஊட்டி வரை ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம், ஊசி நடுக்கோட்டைவிட்டு நகரவில்லை. பைக்காராவில் மேகம் இறங்கியிருந்ததையும், சாலையோர யூகலிப்டஸ் வாசனையையும், நடுவட்டத்தில் பேருந்துக்கு நின்ற தோட்டத்துப் பெண்களின் சிவப்புக் குடைகளையும் என்னால் இப்போது ரசிக்க முடிந்தது. கண்ணாடியில் சகலையின் வண்டி சிறியதாகத் தெரிந்தது. இன்னும் சிறியதாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

ஊட்டியில் டீ குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினோம். கேத்தி வளைவுகளில் ஊசி சரியத் தொடங்கியது.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஏற்றத்தில் நிற்கிறது, இறக்கத்தில் விழுகிறது. எஞ்சின் உண்மையிலேயே குளிர்கிறது. சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டிய தெர்மோஸ்டாட் என்ற அடைப்பான் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. நான் கழற்றிப் போட்ட சென்சார் நிரபராதி, அது கண்டதைத்தான் சொல்லியிருக்கிறது. நான் ஓய்வு பெற்றது அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில், அளவுக்கருவிப் பிரிவில். இன்னொரு கருவியோடு ஒப்பிடாமல் ஒரு கருவியைப் பழுதென்று ஒதுக்கக்கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. அதை மீறியவர்களை நான் நாள் முழுக்க நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். ரேடியேட்டர் குழாயில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அன்று என் மனமெல்லாம் வெள்ளை வண்டியின் பின்சீட்டில் இருந்தது.

"ஏனுங்க, ஊசி எறங்குது" என்றாள் சரோஜா.

"தெரியும்."

"நிறுத்தலீங்களா?"

"வீடு வரைக்கும் போனா ஒண்ணும் ஆகாது. நிறுத்தினா பின்னாடி வர்ற வண்டியும் நிக்கும். நின்னா நீ எறங்கிருவே."

அவள் கேத்திப் பள்ளத்தாக்கில் ஏற்றத் தொடங்கியிருந்த விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த வண்டில சீட்டு நல்லா மெத்துனுதானுங்க இருக்குது" என்றாள்.

அருவங்காடு தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினேன். அவள் சிரிப்பை அடக்குகிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

குன்னூரில் எங்கள் வாசலில் இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்து நின்றன. ஒரே இருட்டில் ஒரே சாலையில் வந்த எஞ்சின்கள். என்னுடைய ஊசி கால் பங்கில் கிடந்தது. அவருடையது எங்கே என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சகலை சோம்பல் முறித்தபடி வந்தார்.

"அப்புறம் எப்படிங்க சகலை, ஊசி சரியாயிருச்சுங்களா?"

வாயைத் திறந்தேன். தெர்மோஸ்டாட், இறக்கம், ஒப்பிடாமல் விட்டது என்று முழு அறிக்கையும் வரிசையாக நாக்கில் நின்றது.

சரோஜா பையை இறக்கிக்கொண்டே என்னை முந்திக்கொண்டாள்.

"ஒரே எடத்துலயே நிக்குதுங்க மாப்பிள்ளை. அசையவே இல்ல."