வடகரைக்கு வந்து சேர்ந்த மூலநிரல்

வடிவாம்பாளின் குரல் அவருடைய இடது காலின் பெருவிரலில் இருந்தது. ஆய்க்குடிக்கு அப்பால் உள்ள ஒரு சிறு இல்லத்தில் வாழும் அவருக்குப் பிறவியிலேயே பேச்சு இல்லை. கையும் கழுத்தும் சொன்னபடி கேட்பதில்லை. சக்கர நாற்காலியின் அடியில் ஒரு பொத்தான் பொருத்தப்பட்டிருந்தது. எதிரே உள்ள டேப்லெட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் விரலால் பொத்தானை அழுத்துவார். வாக்கியம் நிறைவுற்றதும் டேப்லெட் அதை உரக்கப் படிக்கும். இல்லத்தில் செய்யப்படும் காகிதப் பைகளுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களுக்கெல்லாம் பதில் எழுதியவர் அவரே.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், வாரந்தோறும் அங்கே சென்று செய்தித்தாள் படித்துக் காட்டுவது என் வழக்கம். ஒருமுறை, "தேநீர் அருந்துகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் அழுத்தியபின் டேப்லெட் பேசியது: "டீன்னு கேளுங்க சார். ஆறிரும்."

இவ்வாண்டுச் சாரல் தொடங்கிய வாரத்தில் அந்த டேப்லெட் நின்றுபோயிற்று. அதன் இயங்குதளம் சிதைந்துவிட்டது. அதைத் தயாரித்த நிறுவனமோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புதிய டேப்லெட் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். கால் பொத்தானை அது அறிந்துகொள்ளவில்லை.

இல்லத்தின் கணினிகளைப் பராமரித்து வந்தவர் வடகரையைச் சேர்ந்த சமீனா. கணினிப் பட்டம் பெற்றவர். கணவர் ஹுஸைஃபா சவூதியில் இருக்க, மாமியார் ஜாஹிரா பீவியுடன் வாழ்ந்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர். இயங்குதளத்தின் மூலநிரலைப் பதிவிறக்கி, அந்தப் பழைய டேப்லெட்டுக்கென்று அதை மறுபடி கட்டி ஏற்றுவது ஒன்றே வழி என்று அவர் சொன்னார். மூலநிரல் என்பது யாது என வினவினேன். ஒருவரையொருவர் பார்த்திராத ஆயிரமாயிரம் பேர் பல நாடுகளிலிருந்து எழுதிச் சேர்த்த கோடிக்கணக்கான வரிகள் என்றும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். முகம் அறியாத ஒருவர் இந்தக் கால் பொத்தானுக்கென்றே ஒரு சிறு பகுதியை எழுதி வைத்திருந்தாராம். அன்று வீடு திரும்பும்வரை என் மனம் அந்த மனிதரையே சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்க்குடியை அவர் நிலப்படத்திலும் பார்த்திருக்க மாட்டார்.

விடுப்பில் வந்திருந்த ஹுஸைஃபா பதிவிறக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டு விமானம் ஏறினார். அதன்பின் வடிவாம்பாளின் அண்ணன் குத்தாலிங்கம் ஆலங்குளத்திலிருந்து வந்தார். புது வீடு கட்டியிருந்தார். தங்கையை இனி அங்கேயே வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். பாசமுள்ள மனிதர். வடிவாம்பாளின் கண்களில் நீர் வழிந்தது. மகிழ்ச்சிக் கண்ணீர் என்றார் அண்ணன். இல்லப் பொறுப்பாளர் லோகநாயகிக்கு அவ்வாறு தோன்றவில்லை. தலையசைத்துச் சொல்லட்டும் என்றாலோ, ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அந்தத் தலை ஒரே விதமாகத்தான் ஆடும்.

"அவங்க வாயால சொல்லட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பிறகு கூட்டிட்டுப் போங்க" என்றார் லோகநாயகி.

வியாழக்கிழமை காருடன் வருவதாகவும், அதற்குள் சொன்னால் கேட்டுக்கொள்வதாகவும் கூறிவிட்டு அவர் புறப்பட்டார்.

சமீனா அன்றே கணினியின் முன் அமர்ந்தார். பதிவிறக்கம் நடுவில் நின்றிருந்தது. தொடரச் சொன்னால், அனுமதி மறுக்கப்பட்டது என்றது கணினி. காரணம் விரைவில் விளங்கிற்று. எந்தத் தடையும் குறுக்கிடக் கூடாது என்றெண்ணி, ஹுஸைஃபா கணினியின் தலைமைக் கணக்கிலிருந்து வேலையைத் தொடங்கியிருந்தார். ஆதலால் இறங்கிய கோப்புகள் யாவும் அந்தக் கணக்குக்கே உரிமையாயின. தம் கணக்கில் அமர்ந்த சமீனாவுக்குத் தம் வீட்டுக் கணினியிலேயே எழுத உரிமை இல்லை.

அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உள்வாசல் உண்டு. பெண்கள் வீதியில் இறங்காமலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய் வருவார்கள். அந்தக் கதவுகளைத் தாழிடும் வழக்கமே இல்லை. அங்கே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்ட சமீனா கணினியையும் அப்படியே நடத்தினார். தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து, தம் பெயரில் இருந்த கோப்புறை முழுவதையும், உள்ளே இருந்தவை அனைத்துடனும், எல்லாருக்கும் திறந்துவிட்டார். பதிவிறக்கம் மறுபடி ஓடத் தொடங்கியது.

பொதுவான பகுதி முழுதும் வந்து சேர்ந்தது. அந்த டேப்லெட்டுக்குரிய சிறு பகுதி மட்டும் எஞ்சியது. அதைப் பழைய கருவிகளின் நிரல்களைப் பாதுகாக்கும் தன்னார்வக் குழு ஒன்று வைத்திருந்தது. பதிவு செய்துகொண்டவர்கள், தங்கள் கணினியில் ஒரு கோப்பாக இருக்கும் மின்சாவியைக் காட்டினால்தான் தரும். சமீனாவின் சாவி பதிவாகியிருந்தது. ஆயினும் அதே விடைதான் வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

இம்முறை மறுத்தது தொலைவில் இருந்த கணினி. குழுவினர் தம்மை நீக்கிவிட்டார்களோ என்று அஞ்சி அவர்களுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார். அந்த நாள்களில் குற்றாலம் பேரருவியிலும் வெள்ளம் பெருகி, குளிக்கத் தடை இருந்தது. வந்திருந்த உறவினர்களுடன் நானும் காவலர் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்றேன். அவ்வளவு நீரும் கண்முன்னே கொட்ட, துண்டும் கையுமாக நின்றவர்கள் நனையாமல் திரும்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை குழுவின் பதில் வந்தது. சமீனாவின் பெயர் இருக்கிறது; தங்கள் பக்கம் தடையேதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நிலவரம் அறிய அப்போது நான் வடகரைக்குச் சென்றிருந்தேன். சமீனா திரையைப் பின்னோக்கித் தள்ளி, மறுப்புக்கு முன்னால் ஓடிப்போன வரிகளைப் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். இந்தச் சாவி பிறர் எடுக்கும்படி திறந்து கிடக்கிறது, ஆகவே இதை நான் பயன்படுத்த மாட்டேன் என்று அவருடைய கணினியே அங்கே எழுதியிருந்தது. எல்லாவற்றையும் திறந்துவிட்டபோது சாவி இருந்த இடத்தையும் திறந்துவிட்டிருந்தார். தொலைவில் இருந்த கணினிக்கு அந்தச் சாவி காட்டப்படவே இல்லை.

மருமகள் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜாஹிரா பீவி தம் இடுப்பைத் தட்டிக் காட்டினார். கொத்துச் சாவி குலுங்கிற்று.

"கதவ பூராத் திறந்து போடுதோம், அது சரி. சாவியையும் நடுவீட்ல எறிஞ்சிட்டா போறோம்? ஏட்டி, ஒன் பொட்டிக்கு இருக்க புத்தி ஒனக்கு இல்லியே."

"பொட்டி உங்களப் பார்த்து வளந்துருக்கு மாமி" என்றார் சமீனா.

கோப்புகளின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றினார். பிறருக்குத் திறந்திருந்தவற்றை அடைத்தார். சாவியைத் தாம் மட்டும் படிக்கும்படி பூட்டினார். பின் மறுபடி கேட்டார். மறுப்பு வரவில்லை. கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறின. எந்தெந்த நாட்டிலோ எழுதப்பட்ட அவை, வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்த அந்தத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தன. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். இருக்கையில் அமருமாறு ஜாஹிரா பீவி சொன்னது பிறகுதான் என் செவியில் விழுந்தது.

புதன் முழுதும் இயங்குதளத்தைக் கட்டுவதில் சென்றது. வியாழன் காலை சமீனா டேப்லெட்டுடன் இல்லத்துக்கு வந்து அதை நாற்காலியில் பொருத்தினார். குத்தாலிங்கத்தின் கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. வடிவாம்பாளின் பெட்டி அதில் ஏறியிருந்தது. எழுத்துகள் ஒளிரத் தொடங்கின. சமீனா திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அழுந்தியது. ஓர் எழுத்து நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். பின்னர் டேப்லெட் பேசியது:

"அண்ணே, பொங்கலுக்கு வாரேன். முடிஞ்சதும் இங்கன கொண்டாந்து விட்டுரு. எனக்கு இங்கன வேலை கெடக்கு."

குத்தாலிங்கம் வெளியே சென்று, பெட்டியைத் தம் கையாலேயே இறக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"அழுதியே, அதுக்கு இதா அர்த்தம்?" என்றவர், "இம்புட்டு வாயா ஏட்டி ஒனக்கு" என்றார்.

விரல் மறுபடி அசைந்தது. அவர் தங்கையின் காலருகே தரையில் அமர்ந்து, அவசரமில்லை என்பதுபோல் கையைக் காட்டினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

"எனக்கு மாடில ரூம் போட்டிருப்ப. கீழ போடு."