இரண்டு மணி ஆட்டம்

செனாவாங் நகரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து, கணினி விளையாட்டில் நானே நடத்தும் பேஸ்பால் போட்டிக்கு முன்னோட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். நாளை அரையிறுதி. இரண்டும் பலமான அணிகள். ஒன்றுக்குப் பந்துவீச்சு, மற்றதற்கு மட்டையடி. படிக்கத்தான் ஆளில்லை. திரையில் மட்டை பந்தை அடித்தது. டக்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் கொட்டை உடையும் அதே சத்தம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் குத்தினால், உடையாத கொட்டை ஜெயிக்கும். பக்கத்து வீடுகள் காலியான பிறகு இரண்டு பக்கமும் நானே ஆடினேன். கொட்டைகளுக்குப் பெயரும் வைத்திருந்தேன். பால்மரம் சீவிவிட்டு வரும் அப்பா, ரப்பர் பால் வாடையோடு பக்கத்தில் குந்துவார்.

"நாளைக்கு யாரும்மா ஜெயிப்பா?"

"கறுப்பனுக்கு ஓடு கெட்டிப்பா. ஆனா வரியன் இன்னும் ஒரு ஆட்டம்கூட தோக்கல."

"நான் வந்தப்புறம் ஆடு லா. பாக்கணும்."

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. குத்திவிட்டேன். இரண்டு மணிக்கு வந்த அப்பா உடைந்த ஓட்டைப் பார்த்தார். குளிக்கப் போனார். அதன்பின் யார் ஜெயிப்பார் என்று அவர் கேட்கவே இல்லை.

முன்னோட்டத்தின் கடைசி வரியைத் தட்டினேன்: ஆட்டம் நாளை மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் தொடங்காது.