அடுப்பு மேடையில் டிஷ்யூ பாக்கெட்

டிசம்பர் வந்தால் சிங்கப்பூரில், செங்காங் நண்பர் வீட்டில் கூடி, ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கிறிஸ்துமஸ் படத்தைப் பார்ப்போம். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, உணவங்காடியில் இடம் பிடிப்பதுபோல டிஷ்யூ பாக்கெட் வைத்து முன் நாற்காலியைப் பிடித்துவிடுவார்.

போன முறை படம் முடிந்ததும், பனியில் சிக்கிய ஊரையே வீட்டில் தங்கவைத்த நாயகனை ஆண்கள் எல்லாரும் புகழ்ந்தோம்.

“அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டது அவன் பொண்டாட்டி. அவ சாப்பிட்டாளான்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்று வெடித்தார் அந்தப் பெண்மணி.

“படம்தானே லா!” என்று சிரித்த நண்பர், காலிக் கோப்பையை அவரிடம் நீட்டினார். “அக்கா, இன்னொரு கோப்பி.”

நண்பருக்கு என்ன திமிர்! அந்தப் பெண்மணியும் எங்களைப் போல விருந்தாளிதான். பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

அவர் டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துப்போய் அடுப்பு மேடையில் வைத்தார்.

“உங்களுக்கு இடம் புடிச்சு வச்சிட்டேன். போய்க் கோப்பி கலக்குங்க.”