வரைபடத்தில் போட்ட எருமைகள்

எங்கள் பகுதி எம்.எல்.ஏ. ஏரியைக் காப்பாற்றினார் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் என்று சொல்ல முடியாது. ஏரி இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, அவர் பெயர் பொறித்த கறுப்புக் கல், காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள், எல்லாம் இருக்கின்றன. பருத்திப்பட்டு ஏரியைச் சொல்லவில்லை. ஆவடியைச் சுற்றி ஏரிக்கா பஞ்சம்? இது சின்னது, பெயர் வேண்டாம். சொன்னால், "அந்த மனு எழுதின அம்மா நீங்கதானே?" என்று நாலு பேர் கேட்டுக்கொண்டு வருவார்கள். நான்தான். எழுதித் தொலைத்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுதான் எனக்குப் பிடித்த சனியன். தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கடையில் பருப்பு இல்லையா, சேக்காட்டுக்கு பஸ் வரவில்லையா, மாதர் சங்கத்தில் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். நானும் பெருமையாகப் பேனாவைத் திறந்துவிடுவேன்.

எம்.எல்.ஏ. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அலுவலகத்தில் மனு வாங்குவார். கெட்டவர் இல்லை. அதை மறைத்தால் என் நாக்கு அழுகும். கண் சிகிச்சை முகாம் நடத்தினார், கைப்பம்பு போட வைத்தார், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வேப்பங்கன்று நட்டார். நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பிறகு போய்ப் பார்க்கவும் செய்தார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வெறும் கையெழுத்து வாங்கிய மனுவைத் தொட மாட்டார்.

"ஆதாரம் இல்லாத மனு அதிகாரி மேஜையில ஒரு நாள் நிக்காதும்மா. யாரு, எந்த வீடு, எத்தனை வருஷமா இருக்காங்க, ரேஷன் கார்டு நகல், எல்லாம் வெச்சுக் குடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் சொன்னபடி செய்த மனுக்கள் எல்லாம் ஜெயித்தன. அதனால் எனக்கு அது வேதவாக்கு.

எங்கள் வரிசைக்குப் பால் ஊற்றிய அம்மாள் அந்த ஏரிக்கரையில் குடியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, ஒரு மகள், நாலு எருமைகள். அவள் மாமனார் காலத்திலிருந்தே அங்கேதான் குடும்பம். ஒருநாள் செம்பில் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒரு எரும செத்துப்பூச்சிமா. ஏரித் தண்ணி மையி மாதிரி கீது. மத்ததுங்க வாயே வெக்க மாட்டேங்குது. என் பொண்ணுக்குக் காலெல்லாம் புண்ணு. நீ எய்தினா நடக்கும்னு சொல்றாங்களே, எய்திக் குடேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே போய்ப் பார்த்தேன். அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இடம் மாறி வந்த முலாம் பூசும் பட்டறைகள் ஏரியின் வடக்கு ஓரத்தில் முளைத்திருந்தன. அங்கிருந்து ஒரு கால்வாய் பச்சையும் கறுப்புமாக நேராக ஏரிக்குள் இறங்கியது. தெற்குக் கரையில் இருபத்துநாலு வீடுகள். வீடு என்றால் பாதி ஓடு, பாதி ஓலை.

வழக்கம்போல ஆதாரம் திரட்டினேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெயர், கதவு எண், எத்தனை வருஷமாகக் குடியிருப்பு, ரேஷன் கார்டு நகல். பால்காரம்மா மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"ஊட்டு நெம்பரு எதுக்குமா? தண்ணி நாறுதுன்னு சொன்னா பத்தாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அதட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதோடு விட்டேனா? யாரும் கேட்காமலேயே ஒரு வரைபடம் போட்டேன். வடக்கே பட்டறைகள், கால்வாய், நடுவில் ஏரி, தெற்கே ஒன்று முதல் இருபத்துநாலு வரை எண் போட்ட வீடுகள். கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொரு வீடும் தண்ணீரிலிருந்து எத்தனை அடி என்று எழுதினேன். இருபதடி, பதினைந்தடி, பன்னிரண்டடி. விஷத் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் குழந்தைகள் தூங்குகின்றன என்று பார்க்கிறவன் வயிறு கலங்கட்டும் என்ற எண்ணம். பால்காரம்மா குனிந்து பார்த்து, "என் ஊட்டாண்ட எருமைங்களயும் போடுமா" என்றாள். அவள் சந்தோஷத்துக்காக ஏழாம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் கொம்பு வைத்து மூன்று எருமைகள் போட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தன.

எம்.எல்.ஏ. அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்தார். "இப்படி ஒரு மனுவை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். சட்டசபையில் பேசினார், பேப்பரில் வந்தது. இரண்டே மாதத்தில் ஜீப்பில் அதிகாரிகள் சங்கிலியோடு வந்து ஏரியை அளந்தார்கள். கரைக்காரர்கள் அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் பால்காரம்மா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். நீர்நிலை ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்யவும். வரிசை எண் ஏழு, தண்ணீரிலிருந்து இருபதடி. எண்ணும் என்னுடையது, அடியும் என்னுடையது. அவளிடம் கடிதத்தை மட்டும் படித்துச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. பட்டறைக்காரர்களிடம் பட்டா இருந்தது. அவர்களிடம் விளக்கம் கேட்டிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

அவளை அழைத்துக்கொண்டு எம்.எல்.ஏ.விடம் ஓடினேன். அவர் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

"ஏரியைக் காப்பாத்துங்கன்னு நீங்கதானேம்மா எழுதினீங்க? கரையை விட்டுட்டு ஏரியை மட்டும் எப்படிம்மா காப்பாத்தறது? இவங்கள நான் தெருவுல விட மாட்டேன். மாங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஆளுக்கு ஒண்ணரை சென்ட் கேட்டிருக்கேன். வேலி போட்டு ஏரியைத் திறக்கற விழா மேடையிலயே மனை உத்தரவை என் கையால தரேன், போதுமா?"

"ஒண்ணர சென்ட்ல எருமய எங்க கட்டுவேன், அண்ணாத்தே?" என்று கேட்டாள் பால்காரம்மா. அதற்குள் அவர் அடுத்த மனுவை வாங்கிவிட்டார்.

நான் அன்று ராத்திரி சோறு போடும்போது, கலெக்டருக்கு எழுதப் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டார். "குவார்ட்டர்ஸ்ல இருக்கோம்ட்டி, அரசாங்க உத்தியோகம். இம்புட்டு நாளும் எழுதிக் கிழிச்சது போதும்." நான் எழுதவில்லை. அவர் மேல் பழி போட ஆசைதான். ஆனால் பேனா என் கையில்தானே இருந்தது?

வீடுகளை இடித்த அன்று பால் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தது. எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டுத்தான் அவள் கரைக்கு ஓடினாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். அதிகாரி ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு தாளை விரித்து வைத்து, ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நகலில் கொம்பு வைத்த மூன்று எருமைகள் தெளிவாக விழுந்திருந்தன. விரலை வைத்துப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"இது நம்ம எருமதான யம்மா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் எருமைகளை அவிழ்க்கப் போனாள். நாலு திட்டாவது திட்டியிருக்கலாம், பாவி. அந்த வாரமே தரகன் வந்து எருமைகளை ஓட்டிக்கொண்டு போனான். இருபத்துநாலு குடும்பங்களும் ரோட்டோரத்தில் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தன.

திறப்பு விழா ஒரு சாயங்காலம் நடந்தது. புது வேலியில், முலாம் பட்டறைக்காரர்களின் அன்பளிப்பு என்று தகரப் பலகை தொங்கியது. மரக்கன்று நட்டார்கள். எம்.எல்.ஏ. உண்மையிலேயே குரல் தழுதழுக்கப் பேசினார். பேசிவிட்டு, "இதுக்கெல்லாம் விதை போட்ட சகோதரியை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். மாதர் சங்கம் முழுக்கக் கை தட்டியது. போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கலாம். போனேன். பொன்னாடை போர்த்தினார், மைக்கைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்.

கடைசி வரிசையில் பால்காரம்மா நின்றிருந்தாள். மகளுக்குப் பாவாடை தாவணி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி அழைத்து வந்திருந்தாள். அவளோடு கரைக்காரர்கள் அத்தனை பேரும். மேடையில் உத்தரவு வாங்கத் துணி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்தான். இவர்களுடைய மனை உத்தரவு எங்கே? முன்வரிசையில் என் வீட்டுக்காரர் தன் அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நம் ஏரியைக் காப்பாற்றிக் கொடுத்த எம்.எல்.ஏ. அவர்களுக்கு நன்றி, வணக்கம்" என்றேன்.

உடனே தேசிய கீதம் பாடினார்கள். எம்.எல்.ஏ. காரில் ஏறிவிட்டார். உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அவருடைய ஆள் ஒருவர் கூட்டத்தில் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரைக்கும் அது கையெழுத்தாகவில்லை.

நான் படியிறங்கி வரும்போது பால்காரம்மா எதிரே வந்து நின்றாள். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"மைக்கு உன் கையிலதான யம்மா இருந்துச்சி? எங்களுக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"