புஷ்பபாய் தையலகத்துக்கு நற்சாட்சி

அமரவிளையில் பழைய செக்போஸ்டைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்வாங்கி நிற்கும் ஓட்டுக் கட்டடம்தான் புஷ்பபாயின் வீட்டோடு ஒட்டிய தையலகம். அவள் பிறந்தது திருப்புறத்தில். தொப்புள்கொடியை அறுத்த கத்தரிக்கோலைப் பிள்ளை எட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தது என்று ஊரில் சொல்வார்கள். பேறு பார்த்தவள் அதை மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை. மிஷன் பள்ளியில் கணக்கு ஏறாத பெண்களைத்தான் தையல் வகுப்புக்கு அனுப்புவார்கள். புஷ்பபாய் கணக்கில் முதலாவது வந்துகொண்டே, சண்டை போட்டுத் தையலுக்குப் போனாள்.

பொன்னுதாஸைக் கட்டிக்கொண்டு அமரவிளைக்கு வந்த பிறகு, சபையின் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்தாள். அவள் தைத்த அங்கி நெட்டையான ஆளுக்கும் குட்டையாகத் தெரியாது. எத்தனை பருத்தவர் மேல் ஸ்தாயிக்கு மூச்சு இழுத்தாலும் முதுகில் தெறிக்காது. குளத்தூர்ப் பக்கம் ஒரு சபையில் முப்பது வருஷமாகச் சேராத சுருதி, அவள் அங்கியைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துவிட்டதாம். அங்கியில் ஆரம்பித்தது பதினாறு மிஷின் வரை வளர்ந்தது. அவளுடைய குரலும் கூடவே வளர்ந்தது. பதினாறு மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே. அவள் வாசலில் நின்று ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நெய்யாற்றில் முங்கிக் குளிப்பவன் சோப்பைக் கழுவாமல் கரையேறுவான்.

அப்படிப்பட்ட குரலுக்கும் சொல்ல வராத ஒரு விஷயம் வந்து சேர்ந்தது. அங்கிகள் இப்போது போனில் சொன்னால் பார்சலில் வந்து இறங்குகின்றன. தைத்து வாங்க ஆளில்லை. ஓணம் கழிந்து பெரிய வேலை ஒன்றும் வராவிட்டால், தையலகத்துப் பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யார் யாரை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்தும் விட்டாள். அந்தப் பெயர்களைச் சொல்லத்தான் வாய் எழவில்லை.

அந்த நேரத்தில் பிளாக் பஞ்சாயத்து ஓர் ஆர்டருக்கு மனுக் கேட்டது. வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கும் பெண்களுக்குப் பச்சைக் கோட்டும் தோள்பையும். மொத்தமாகத் தைக்க வேண்டும், வருஷா வருஷம் தைக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்கு மனுப் போடுவதும் ஒன்றுதான், போடாமல் இருப்பதும் ஒன்றுதான். யார் குறைந்த விலை எழுதுகிறார்களோ அவர்களுக்கே வேலை. டவுனில் உள்ள ஒரு கம்பெனி நூல் வாங்கக்கூடக் காணாத விலையை எழுதிக் கொண்டுபோய்விடும். தைக்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் விதி மாறிவிட்டது. பிளாக் ஆபீஸில் இதைக் கவனிக்கும் ஜேனட், மனுப் போட்டவர்களைக் கூட்டி விளக்கினாள். நூறு மார்க்கில் விலைக்கு அறுபதுதான். மீதி நாற்பதும் வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதற்கு: நியாயமான சம்பளம், ஓய்வு, பிரசவ விடுப்பு, கைக்குழந்தை இருந்தால் அதற்கு ஓரிடம், உடல் ஊனமுள்ளவர்களுக்கு வேலை, கழிப்பறை. "நேரில் வந்து தொழிலாளிகளிடமே கேட்போம். அந்த நேரத்தில் முதலாளி அறைக்குள் இருக்கக் கூடாது" என்று முடித்தாள்.

புஷ்பபாய் பஸ்ஸில் திரும்பும்போதே மனசுக்குள் நாற்பதையும் வாங்கிவிட்டாள். சனிக்கிழமை சம்பளம் ஒரு தடவையும் தவறியதில்லை. ஜெஸ்னா பிரசவத்துக்குப் போனபோது ஆறு மாசமும் சம்பளம் வீட்டுக்குப் போனது. அந்தக் குழந்தை இப்போது தையலகத்திலேயே, அங்கித் துணியில் கட்டிய தொட்டிலில் தூங்குகிறது. துணி வெட்டும் ஜெயசிங்குக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனது. அவன் உயரத்துக்கும் காலுக்கும் பார்த்து ஆசாரியிடம் சொல்லி ஒரு ஸ்டூல் செய்து போட்டிருக்கிறாள். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே பாக்கி.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும், ஒரு கோட்டின் மாதிரியைப் பொம்மையில் மாட்டிக்கொண்டே பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"வாற புதனாழ்ச்ச ஜேனட்டுன்னு ஒரு மேடம் வாறா. பூவார்க்காரியாக்கும். நம்ம தையலகத்தப் பற்றி உங்ககிட்ட விசாரிப்பா. நல்லதாட்டு பறயணும், கேட்டியளா மக்களே. இது கிட்டலைன்னா நமக்கு வேற வழி இல்ல."

பிஜி மிஷினை நிறுத்தினாள். பெண்களில் மூத்தவள் அவள்தான். "பெண்ணு விசாரிக்க வாற மாதிரியா அக்கா?"

புஷ்பபாயின் வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள் இருந்தன. "ம்ம்" என்றாள்.

அந்த ஒரு 'ம்ம்' போதும் பிஜிக்கு.

இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால், நாலு வீடு தள்ளி இறங்கி அவளைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிப்பவருக்கு என்ன சொல்வது என்பது அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் தெரியும். பெண் உட்காரவே மாட்டாள். கொடுத்ததைத் தின்பாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். காய்ச்சல் என்று படுத்ததே கிடையாது. வீட்டில் ஊனமானவர், சீக்காளி யாராவது இருந்தால் அன்றைக்கு அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். பிஜி இதில் கைதேர்ந்தவள். 'வாயே திறக்க மாட்டாள்' என்று அவள் சாட்சி சொல்லி அனுப்பிவைத்த ஒரு பெண், போன இடத்தில் தேர்தலில் நின்று ஜெயித்து, இப்போது கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கத் தனி ஆள் வைக்க வேண்டியிருக்கிறதாம்.

புதன்கிழமை ஜேனட்டைக் கூட்டிவரப் புஷ்பபாய் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அந்த இடைவெளியில் பிஜி வேலையை முடித்துவிட்டாள். தொட்டிலை அவிழ்த்துச் சுருட்டினாள். குழந்தையை அடுத்த வீட்டில் கொண்டு விட்டாள். ஸ்டூலைப் பின்னால் பொன்னுதாஸின் ஆட்டோ ஷெட்டில் தள்ளினாள்.

"எலே ஜெயசிங்கு, நீ சாயாக்கடைல போய் இரி. மேடம் போன பெறகு வந்தா மதி."

"நான் என்னத்துக்குப் போணும்?"

"உனக்க காலு அவ கண்ணுல படாண்டாம். நம்ம தையலகத்துக்கு ஒரு குறைன்னு ஆயிரும்."

ஜெயசிங் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

ஜேனட் உள்ளே நுழைந்தாள். விதிப்படி புஷ்பபாய் வெளியே நின்றாள். சன்னலுக்கு நேர் கீழே முருங்கை மரம் இருந்ததும், அவள் அங்கே போய் நின்றதும் விதியில் சேராத விஷயங்கள்.

ஜேனட் மலையாளத்தில் தொடங்கி, முகங்களைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "வேலைக்கு இடையில ரெஸ்ட் எடுக்க நேரம் உண்டா?"

"ரெஸ்டா?" என்றாள் பிஜி. "எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது மேடம். காலத்த மிஷின்ல இருந்தா அந்திக்குத்தான் எழும்புவோம்."

வெளியே புஷ்பபாய் முருங்கைக் கொப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பளம் சரியா தருவாங்களா?"

இதற்கு அஜிஷா முந்திக்கொண்டாள். களியக்காவிளையிலிருந்து தினமும் வந்துபோகிறவள். "சம்பளத்துக்கா மேடம் நாங்க வாறது? அக்காக்க மேல உள்ள இஷ்டத்துக்காக்கும். தந்தா வாங்குவோம். தராட்டி கேக்க மாட்டோம்."

ஜேனட்டின் பேனா வேகமாக ஓடியது. "பிரசவத்துக்கு லீவு?"

ஜெஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். பிஜி சொன்னாள், "இங்க ஆரும் அப்பிடி லீவு எடுத்தது இல்ல மேடம். எடுக்கவும் மாட்டோம்."

அடுத்த வீட்டில் குழந்தை அழுதது.

"அது?"

"பூச்சையாக்கும்" என்றாள் பிஜி.

ஜெஸ்னா மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். குழந்தை மறுபடியும் அழுதது. பூனை என்று நம்புவதற்கு அது கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம்.

"வேலைல ஏதாவது குறை? தைரியமா சொல்லலாம்."

"குறையா? நாங்க இத்தன வருஷத்துல அக்காவ எதுத்து ஒரு சொல்லு பறஞ்சது இல்ல. விடியும் வரைக்கும் தைக்கச் சொன்னாலும் தைப்போம். அடிச்சாலும் வாங்கிக்குவோம்."

கொப்பு முறிந்தது. முருங்கைக் கொப்பு, நல்ல வேளையாக. புஷ்பபாய் அதைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள்.

"சேச்சி, நீங்க வெளிய நிக்கணும்" என்றாள் ஜேனட்.

"நின்னாச்சு மேடம். இனியும் நின்னா நான் ஜெயிலுக்காக்கும் போவேன்." பிஜியின் பக்கம் திரும்பினாள். "எட்டி, நான் உன்ன என்னைக்கு அடிச்சேன்?"

"அடிச்சியன்னா பறஞ்சேன்? அடிச்சாலும் வாங்கிக்குவோம்னுதான பறஞ்சேன். உங்களப் பெருமையாட்டு பறஞ்சா அதுக்கும் ஏச்சா?"

"ஜெஸ்னாக்கு ஆறு மாசம் சம்பளம் வீட்டுக்கு வந்துதா இல்லியா? எட்டி ஜெஸ்னா, வாயத் தொற."

"வந்துது மாமி" என்றாள் ஜெஸ்னா, தரையைப் பார்த்து. "சும்மா இருந்து சம்பளம் வாங்கினவன்னு மேடம் நினைப்பாவன்னு…"

"பத்தரைக்கும் மூணரைக்கும் சாயா குடிக்க எழும்பி, அரை மணிக்கூர் ஊர்க்கதை பேசுகது ஆரு? அது ரெஸ்ட்டு இல்லாம பின்ன என்ன?"

"அத எப்பிடி அன்னியருட்ட பறயது?" என்றாள் அஜிஷா. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெயசிங் வாசலில் வந்து நின்றான். "அஞ்சு சாயா குடிச்சாச்சு. இனி முடியாது. எனக்க ஸ்டூலு எங்க?" என்றான். காலை இழுத்து இழுத்து நடந்து, வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜேனட் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, எழுதியதில் ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"இப்ப உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாக வந்தது. சனிக்கிழமைச் சம்பளம் வந்தது, பிரசவ விடுப்பு வந்தது, அடுத்த வீட்டுப் பூனையும் தாயின் இடுப்பில் ஏறி வந்தது. புஷ்பபாய் இடுப்பில் கைவைத்து, ஒவ்வொன்றுக்கும் 'கேட்டியளா மேடம்' என்று தலையாட்டினாள். ஏச்சு வாங்கிய பிஜியின் முகம் மட்டும் தெளியவில்லை.

"உள்ளபடின்னா எல்லாத்தையும் பறயலாமா?" என்று கேட்டாள்.

"பறயிட்டி" என்றாள் புஷ்பபாய். "என்ன வேணும்னாலும் பறயி."

"கக்கூசுக்குப் போணும்னா அக்காக்க வீட்டு அடுக்களை வழியாத்தான் போணும். அங்க பொன்னுதாஸ் அண்ணன் இருந்து சோறு தின்னுட்டு இருப்பாரு. இல்லன்னா பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு. அவருக்க முன்னால எத்தன வாட்டி நடக்க? அதனால நாங்க காலத்த வந்தா அந்திவரைக்கும் பச்சவெள்ளம் குடிக்கது இல்ல."

பதினாறு மிஷினும் நின்றிருந்ததால் நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் நன்றாகக் கேட்டது.

புஷ்பபாய் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

"என்னைக்கு முதல்?"

"மிஷின் போட்ட நாள் முதல்" என்றாள் பிஜி. இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "சாயாவும் ஒரு மடக்குதான் குடிப்போம். மீதியத் தென்னைக்கு ஊத்துவோம்."

என் பிள்ளைகளுக்குத் தாகமே எடுக்காது, அப்படி வேலை செய்வார்கள் என்று சபைப் பெண்கள் கூட்டத்தில் புஷ்பபாய் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்தத் தென்னை மட்டும் எப்படிக் குலை தள்ளுகிறது என்று உரம் விற்கிறவர்களே வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் சொல்லியிருக்கிறாள். கையிலிருந்த முருங்கைக் கொப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வெட்டு மேசையில் வைத்தாள்.

"அதையும் எழுதுங்க மேடம்" என்றாள்.

ஜேனட் அதற்கு முன்பே எழுதியிருந்தாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. விலையில் டவுன் கம்பெனிதான் முன்னால். ஆனால் தைக்கும் ஆட்களைக் காட்டச் சொன்னபோது அவர்களால் காட்ட முடியவில்லை. வேலையை வெளியே வேறு யார் யாரிடமோ கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்கு உரிய மார்க்கை முழுசாக இழந்தும் புஷ்பபாய் ஒரு நூலிழையில் முந்திவிட்டாள். ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முதல் கட்டு வெளியே போகும் முன், வெளியிலிருந்தே நுழையக்கூடிய தனிக் கழிப்பறை வேண்டும்.

கொத்தனார் பொன்னப்பன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்டோ ஷெட்டைத் தவிர வேறு இடம் இல்லை என்றார்.

"அப்பம் எனக்க ஆட்டோ?" என்று கேட்டார் பொன்னுதாஸ்.

"மழைல நின்னா அதுக்கு ஜன்னி வராது" என்றாள் புஷ்பபாய். "நீங்க இத்தன வருஷம் அடுக்களைல இருந்து பேப்பர் படிச்சதுக்கு இது காணாது."

"நானா அங்க இருப்பேன்னு சொன்னேன்? நீதான காத்து வரும்னு நாற்காலியப் போட்ட?"

அது உண்மைதான். அன்றைக்கே நாற்காலியை எடுத்து முன்பக்கம் போட்டாள்.

கழிப்பறை எழுந்தது. ஜேனட் மறுபடி வந்தாள். இந்தத் தடவை குறை சொன்னால்தான் அதிகாரிக்குப் பிடிக்கும் என்று பிஜி முடிவுகட்டியிருந்தாள். கதவுக் கொண்டி இறுக்கம், குழாய்த் தண்ணீர் குளிர், சுவரின் நிறம் மங்கல், முதலாளியின் குரல் காதுக்கு ஆகாது என்று தொடங்கி, அமரவிளையில் பஸ் நிற்காமல் போவது வரை வந்துவிட்டாள். ஜேனட் ஒரு கட்டத்தில் பேனாவை மூடிவிட்டு, சாயா இருக்கிறதா என்று கேட்டாள்.

ஓணம் கழிந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பச்சைக் கோட்டுகள் கட்டுக் கட்டாக, மழையில் நனைந்த ஆட்டோவில் போகின்றன. தையலகத்து மூலையில் ஒரு பெரிய குடம் வந்திருக்கிறது. பகல் பதினோரு மணிக்கே அது காலியாகிவிடும். யார் நிரப்புவது என்று சண்டை வரும். பதினாறு மிஷினும் சேர்ந்து ஓடும் சத்தத்தை இப்போது கேட்கவே முடிவதில்லை. எப்போதும் ஒன்று நின்றிருக்கும், ஒருத்தி எழுந்து வெளியே போயிருப்பாள். அப்படி ஒரு மிஷின் நிற்கும்போதெல்லாம் புஷ்பபாயின் காது தானாகத் திரும்பும். யாரது என்று கேட்க வாய் திறப்பாள். பிறகு மூடிக்கொண்டு, துணியைப் பார்ப்பாள்.