பத்தாவது ஆளுக்கு மாமா சொன்ன பொய்

பக்கத்து வீட்டு அங்கிளை அடக்கம் செய்த அன்று பின்னேரம் எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போன முதல் பொருள் ஒரு தட்டு வடை. பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்துவிட்டது. அடுத்துப் போனவை இருபத்திநான்கு பிளாஸ்டிக் கதிரைகள். அவை ஒரு வாரம் அங்கேயே இருந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மல்கிரேவ் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். அங்கிளும் அன்ரியும் யூதர்கள். அவர்களுடைய சனம் கூடி வாழும் கோல்ஃபீல்ட் அங்கிருந்து இருபது நிமிடக் கார் ஓட்டம். அங்கிளின் பட்டறை மல்கிரேவில் இருந்ததால் இங்கே வந்தவர்கள், பட்டறையை மூடிய பிறகும் போகவில்லை.

வடைக்கு ஒரு காரணம் இருந்தது. அன்ரியின் குசினியில் மதச் சட்டப்படிதான் சமையல். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. அதனால் அங்கிள் வேலியடியில் நின்றபடியே அம்மாவிடம் வடை வாங்கித் தின்று, கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போவார். அன்று அம்மா நீட்டிய தட்டை அன்ரி கொஞ்ச நேரம் பார்த்தார். “இதைத்தானா தின்றுகொண்டு திரிந்தான்? இந்த வெங்காய மணம் எங்கிருந்து வருகிறதென்று பத்து வருடமாக வீடெல்லாம் தேடினேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். பிறகு அழுதார். தட்டைத் திருப்பித் தந்துவிட்டு, இருப்பதற்குக் கதிரை போதாது, உங்களிடம் இருக்குமா என்று கேட்டார்.

இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களுக்கான கதிரைகள் எங்கள் கராஜில்தான் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பொறுப்பு மாமா. மாமா அம்மாவின் தம்பி. படகில் வந்து, தற்காலிக விசாவில், எங்கள் பின்னறையில் இருந்தார். பகலில் ஒரு மளிகைக் கடைக்குப் எட்டுப் பேர் ஏறும் பழைய வான் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குவார்.

செத்த வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்துத்தான் அம்மா கூட்டிப்போனார். போனவுடன் சுகம் கேட்கக்கூடாது. வெளிக்கிடும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அங்கே போனால் அவர்களுக்கும் ஏறக்குறைய அதே சட்டங்கள். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. வாசற்கதவு பூட்டாமல் இருந்தது, வந்தவர்கள் தட்டாமல் உள்ளே வந்தார்கள். கண்ணாடிகளைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். அன்ரியும், சிட்னியிலிருந்து வந்திருந்த மகனும், கால் வெட்டியது போன்ற குட்டைக் கதிரைகளில் இருந்தார்கள். மகனின் சட்டைக் கழுத்தடியில் ஒரு பெரிய கிழிசல். அம்மா அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் ஊசியும் கறுப்பு நூலும் கொண்டுபோய், கழற்றித் தாங்கோ, இரண்டு நிமிட வேலை என்றார். அது வேண்டுமென்றே கிழித்தது, துக்கத்தின் அடையாளம் என்று மகன் விளக்கினார். அம்மா ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

மகன் தகப்பனைக் கடைசியாகப் பார்க்கவில்லை. விமானம் இறங்கியபோது அங்கிள் இறந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. இதை அன்ரி அம்மாவிடம் சொல்ல, அம்மா மாமாவிடம் சொன்னார். இப்போது மகனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஏழு நாளும் தகப்பனின் வீட்டில், தகப்பனுக்காக மகன் எழுந்து நின்று சொல்லும் செபம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை. வளர்ந்த யூத ஆண்கள் பத்துப் பேர் அந்த அறையில் இருக்க வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் மற்றச் செபங்களைச் சொல்லலாம், அதைச் சொல்ல முடியாது.

முதல்நாள் நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் பதினைந்து. எங்கள் செத்த வீடுகளிலும் கணக்கு அப்படித்தான் இறங்கும். மூன்றாம் நாள் பின்னேரம் நான் உதவி செய்கிறேன் என்று நினைத்து, அறை நடுவில் நின்று விரலை நீட்டி, வன், டூ, த்ரீ என்று எண்ணினேன். செபத்தை நடத்தும் வெள்ளைத்தாடிக்காரர் சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து மடக்கினார். பின்னாலிருந்து அம்மா, “ஆக்களை எண்ணக்கூடாதடி” என்று காதைத் திருகினார். இரண்டு மதமும் ஒரே நேரத்தில் எனக்கெதிராகக் கூட்டுச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. தாடிக்காரருக்கு வேறு வழி இருந்தது. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு செப வரியை எடுத்து, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தார். எட்டாவது சொல்லோடு ஆட்கள் முடிந்துவிட்டார்கள்.

அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மகன் திறந்து வைத்திருந்த புத்தகத்தை மூடி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். கதிரை அடுக்கப் போன மாமா, ஒரு கதிரையைக் கையில் தூக்கியபடி கதவடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கதிரையை இறக்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை.

நாலாம் நாளிலிருந்து மாமா ஆள் பிடிக்கத் தொடங்கினார். கோல்ஃபீல்டில் இருட்டில் கார் ஓட்டப் பயப்படும் கிழவர்கள் நிறையப் பேர் என்று தாடிக்காரர் சொல்ல, மாமா வேலை முடிந்த கையோடு வானை அங்கே விட்டார். அரிசி மூட்டையை இறக்கிய இடத்தில் கிழவர்களை ஏற்றினார். இரண்டு நாளில் யாருக்கு முன்சீட், யாருக்குத் தலைசுற்றும், யாரைப் படியில் கைபிடித்து இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். கிழவர்கள் வறுத்த மிளகாய்த்தூள் மணத்தோடு தும்மிக்கொண்டே செபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

“உன்ர பயணக்காரர் எப்பிடி?” என்று அம்மா கேட்பார்.

“நல்ல சனம் அக்கா. எங்கட பெரியப்பாமார் மாதிரித்தான். ஏறினதிலயிருந்து இறங்குமட்டும் என்ர ஓட்டத்தைப் பற்றித்தான் குறை.”

கடைசிப் பின்னேரம் மழை. மறுநாள் காலையோடு ஏழு நாள் முடிகிறது. மகன் சிட்னிக்குப் போகிறார். ஐந்தரை மணிக்கு வான் வந்து நின்றது. நாலு பேர் இறங்க வேண்டியதில் மூன்று பேர்தான். ஒருவருக்குக் காய்ச்சல். தாடிக்காரர் தன்னுடைய வரியைச் சொன்னார். ஒன்பது.

தாடிக்காரர் தொலைபேசியில் யார் யாரையோ அழைத்தார். நெடுஞ்சாலையில் விபத்து, எட்டு மணிக்கு முன் யாரும் வந்து சேர முடியாது. அத்தனை நேரம் கிழவர்கள் தாங்கமாட்டார்கள். மகன் மறுபடி புத்தகத்தை மூடினார்.

அப்போதுதான் அன்ரி, குட்டைக் கதிரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், மூன்று தெரு தள்ளி ஒருவன் இருக்கிறான் என்றார். அங்கிளின் பழைய கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் கதவுப் பிடி செய்யும் பட்டறையை நடத்தினார்கள். அங்கிளைக் கேட்காமல் ஓர் இயந்திரத்தை அவர் விற்றுவிட்டார். அன்றோடு பேச்சு முறிந்தது. “வரமாட்டான்” என்றும் அன்ரியே சொல்லி முடித்தார்.

மாமா என் குளிரங்கியை எடுத்து என்னிடம் எறிந்தார். “வா பிள்ளை. உன்ர இங்கிலீசு வேணும்.”

வானில் போகும்போது நான் சொல்ல வேண்டியதை இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன். மாமா ஒவ்வொரு தரமும், “பிளீஸ் போடு, பிளீஸ் போடு” என்றார்.

கதவைத் திறந்தவர் உயரமான கிழவர். கம்பளிக் காலுறை மட்டும் போட்டிருந்தார். உள்ளே தொலைக்காட்சியில் கால்பந்து. நான் பிளீஸ் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: “அவள் அனுப்பினாளா?”

பொய் சொல்லக்கூடாது என்பது வீட்டுப் பழக்கம். “நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் சொன்னார்” என்றேன்.

“சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்” என்று அவர் கதவைச் சாத்தத் தொடங்கினார்.

மாமா கதவைக் கையால் பிடிக்கவில்லை, காலை வைக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் பேசினார்.

“சேர். மை ஃபாதர் டெட். ஆமி டேக். நோ பொடி. நோ டேட். நோ பிரேயர். ஐ ஆம் ஒன்லி சன்.” பிறகு எங்கள் தெரு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “தட் சன், ஒன்லி ஒன் மேன் ஷோர்ட்.”

மாமாவின் அப்பா என்றால் என் அம்மப்பா. எங்கள் வீட்டில் அம்மப்பா இறந்தவர் இல்லை. அவர் வரப்போகிறவர். அம்மம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம், ஐயா வந்தவுடன் கூரையைப் பார்க்க வேணும், ஐயா வந்தவுடன் கிணறு இறைக்க வேணும் என்றுதான் சொல்வார். அம்மாவும் மாமாவும் ஓம் ஓம் என்பார்கள். அப்படியிருக்க, மழைக்குள் நின்று, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் இவ்வளவு பெரிய பொய்யை மாமா சொன்னார். அவர் இவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிழவர் மாமாவைப் பார்த்தார். உள்ளே தொலைக்காட்சியில் ஒரு கோல் விழுந்து கூட்டம் கத்தி ஓய்ந்தது. பிறகு உள்ளே போனார். தொலைக்காட்சி நின்றது. சப்பாத்தும் தொப்பியுமாக வந்தார்.

நான் பின்சீட்டுக்குப் போனேன். கிழவர் முன்னால் இருந்து, “உன் அப்பாவின் பெயர் என்ன?” என்று மாமாவிடம் கேட்டார். மாமா சொன்னார். கிழவர் திருப்பிச் சொன்னார், பிழை. மாமா திருத்தினார். மறுபடி பிழை. மூன்று தெருவும் இப்படியே போனது. அன்ரி வீட்டு வாசலில் வான் நின்றபோது சரியாகச் சொல்லிவிட்டார்.

உள்ளே யாரும் அவரை வரவேற்கவில்லை. அந்த வாரம் யாரையும் வரவேற்பதில்லை என்பது அந்த இடத்தில் நல்ல வசதி. அன்ரி மட்டும் நிமிர்ந்து பார்த்து, “கிழவனாகிவிட்டாய்” என்றார். “நீயும்தான்” என்று அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தாடிக்காரர் வரியைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லை அவருக்குக் கொடுத்தார்.

மகன் எழுந்து நின்றார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் தடுமாறியபோதெல்லாம் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள், அவர் அதில் பிடித்து அடுத்த வரிக்குப் போனார். மாமா குசினி வாசலில் கைகட்டி, தலை குனிந்து நின்றார். செபம் முடிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மாமா கிழவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடப் புறப்பட்டதும் நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா பின்னேர ஷிஃப்டில். அம்மா குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மாமா ஒரு பொய் சொல்லித்தான் அந்தாளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்!”

“என்ன பொய்?”

“அம்மப்பா செத்திட்டார் எண்டு!”

அம்மாவின் கை அரிசித் தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

“ஆர் சொன்னது? அவனோ? தன்ர வாயால சொன்னவனோ?”

“ஓம். பேரையும் சொன்னவர். அந்தாள் அதைப் பாடமாக்கினவர்.”

அம்மா என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மாமா சொன்ன இங்கிலீசையே அப்படியே சொல்லச் சொன்னார். நான் மாமாவின் குரலில், கையைக் காட்டி, நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

வான் வந்து முற்றத்தில் நின்றது. எஞ்சின் நின்றது. மாமா இறங்கவில்லை. அம்மா கையைத் துடைக்காமலே மழைக்குள் போய், மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தார். நான் யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஏச்சுச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வான் கண்ணாடிகள் உள்ளிருந்து மெல்ல வெளிறி மூடிக்கொண்டன.

ஊரில் போர் முடிந்த மாதத்தில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லித்தான் அம்மப்பாவை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். சடங்கு செய்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் சம்மதிக்கவில்லை. அவர் சொல்லாததை மற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. எவ்வளவோ காலமாக, செத்திட்டார் என்ற அந்தச் சொல்லை அம்மாவும் தம்பியும் ஒருவருக்கொருவர்கூடச் சொன்னதில்லை. இதெல்லாம் பிறகு, வளர்ந்த பிறகு, துண்டு துண்டாக எனக்குத் தெரியவந்தவை.

அன்று இருவரும் இறங்கி வந்தபோது அம்மாவின் கண் வீங்கியிருந்தது. ஏசிய அம்மாவே அழும் அளவுக்கு ஏச்சு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மாமாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். சாப்பிடும்போது அம்மாவின் கண்ணில் படாமல் என்னுடைய அப்பளத்தை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன். எனக்கு வேண்டாம், நீ தின் என்று வழக்கமாகச் சொல்கிறவர், அன்று அதை உடைத்து, சோற்றோடு பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டார். என்னை மன்னித்துவிட்டார் என்று நான் நிம்மதியடைந்தேன்.